“ஏன் சமூகப்பணி?” என்று கேட்பவர்களுக்கு: தமிழகக் கல்லூரிகளின் சமூகப்பணித் துறை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். எம்.எஸ்.டபிள்யூ. எனும் சமூகப்பணி முதுகலைப் படிப்பின் சேர்க்கைக்கான நேர்காணல்கள் தொடங்கும் நேரத்தில் இம்மடலை எழுதுகிறேன். சென்னையில் குழந்தைகள் பாதுகாப்புத் துறையில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். உங்கள் கல்லூரிகளிலிருந்து களப்பணிக்கு வரும் மாணவர்களை மேற்பார்வையிடும் பொறுப்பும் எனக்கு உண்டு. நேர்காணல் அறையில் நீங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, “ஏன் சமூகப்பணியைத் தேர்ந்தெடுத்தீர்கள்?” என்பது. அதற்கு என்ன விடை வரும் என்பது உங்களுக்கும் தெரியும். தனக்குச் சேவை மனப்பான்மை உண்டு என்றும், ஏழை எளியவர்களுக்கு உதவ வேண்டும் என்பது சிறு வயது முதலே இருந்த ஆசை என்றும் விண்ணப்பதாரர் சொல்வார். முந்தைய ஆண்டு மாணவர்கள் சொல்லிக்கொடுத்த விடை அது. அந்த விடையை எதிர்பார்ப்பதையும், அதைச் சரளமாகச் சொல்பவருக்குக் கூடுதல் மதிப்பெண் தருவதையும் நீங்கள் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இத்துறைக்கு ஒருவரைக் கொண்டுவரும் காரணமும், இத்துறையில் அவரை நிலைக்கச் செய்யும் காரணமும் பெரும்பாலும் வெவ்வேறானவை. இரண்டாவது காரணம் உருவாவது உங்கள் பொறுப்பில் அவர்கள் இருக்கும் இரண்டு ஆண்டுகளில்தான்.

உண்மையான காரணங்களை மாணவர்கள் என்னிடம் சொல்வது, களப்பணி தொடங்கிச் சில மாதங்கள் கழிந்த பிறகு. குழந்தைகளின் வீடுகளைப் பார்வையிடப் போய்த் திரும்பும் பேருந்தில் சொல்வார்கள்; பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு கூடும் நாளில் எங்கள் முறை வரும்வரை உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் சொல்வார்கள். இளங்கலையில் எடுத்த மதிப்பெண்ணுக்குக் கேட்ட துறை கிடைக்கவில்லை என்பார் ஒருவர். போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டே கையில் ஒரு முதுகலைப் பட்டமும் இருக்கட்டும் என்று வீட்டில் சொன்னார்கள் என்பார் இன்னொருவர். படிப்பில் சேர்ந்தால் கல்யாணப் பேச்சு இரண்டு ஆண்டுகளுக்குத் தள்ளிப்போகும் என்பதற்காகவே விண்ணப்பித்த பெண்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களில் சிலர் இன்று குழந்தைத் திருமணங்களைத் தடுத்து நிறுத்தும் பணியில் இருக்கிறார்கள். மனவளர்ச்சி குன்றிய தம்பியைச் சிறப்புப் பள்ளிக்கு அழைத்துப்போய்க் காத்திருந்த நேரங்களில், அங்கே வந்துபோன சமூகப்பணியாளரைப் பார்த்தே இப்படி ஒரு வேலை இருப்பதை அறிந்துகொண்டவர்களும் உண்டு.

மனிதவள மேலாண்மையை விருப்பப் பிரிவாக எடுத்து ஒரகடத்திலோ ஓசூரிலோ வேலைக்குப் போகலாம் என்று வருகிறவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அவர்களைத்தான் நாம் அதிகமாகக் குறை சொல்கிறோம். ஐந்நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தொழிற்சாலைகளில் நல அலுவலர் ஒருவரை அமர்த்த வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்த காலம் தொட்டே, தொழிலாளர் நலம் என்பது இந்தப் படிப்பின் ஒரு கிளை. ஒப்பந்தத் தொழிலாளியின் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டு அட்டை சரியாக இருக்கிறதா, இரவுப் பணி முடிந்து விடுதிக்குத் திரும்பும் பெண்களுக்குப் பேருந்து இருக்கிறதா என்று பார்க்கும் ஒருவர் ஆலைக்குள் இருப்பது சமூகப்பணி ஆகாதென்றால் வேறு எது ஆகும்? மாதச் சம்பளத்தை எண்ணி வந்தவர் என்பதற்காக அந்த மாணவரை இரண்டாம் தரமாக நடத்தும் துறைகள், அவருக்குத் தொழிலாளியின் பக்கம் நின்று பார்க்கக் கற்றுக்கொடுக்கும் வாய்ப்பையும் சேர்த்தே இழக்கின்றன.

சேவை உள்ளம் மட்டுமே தூய காரணம் என்ற எண்ணத்துக்கு நம்முடைய வரலாறே இடம் கொடுப்பதில்லை. சகோதரி சுப்பலட்சுமி 11 வயதில் மணம் செய்விக்கப்பட்டு, வாழ்க்கை என்னவென்று தெரியும் முன்பே கைம்பெண்ணானவர். தலையை மழித்து மூலையில் உட்கார வைக்காமல் வீட்டார் அவரைப் படிக்க வைத்தார்கள். 1911இல் பட்டம் பெற்றபின், தன்னைப் போன்ற சிறுமிகளுக்காக அவர் தொடங்கிய இல்லமே பிற்காலத்தில் திருவல்லிக்கேணியின் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் இயங்கியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்தவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அமர்ந்து தேவதாசி முறைக்கு எதிராக அவர் பேசியதற்கும், 1930இல் அவ்வை இல்லத்தைத் தொடங்கியதற்கும், 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் உருவானதற்கும் பின்னால் அவர் வீட்டில் நடந்தவை இருக்கின்றன. மேரி கிளப்வாலா ஜாதவ் 1930களில் கணவரை இழந்த பின்னரே பொதுப்பணிக்கு முழுமையாக வந்தார். போர்க்காலத்தில் படைவீரர்களுக்கான உதவிப் பணிகளைத் திரட்டி நடத்திய அவர், 1952இல் சென்னை சமூகப்பணிப் பள்ளி உருவாகக் காரணமாக இருந்தார்.

இவர்களில் எவரும் தம் துயரத்தை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சாதித்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சுப்பலட்சுமி விடுதி நடத்தக் கற்றார், கணக்கு எழுதினார், அரசு அதிகாரிகளிடம் பேசி இடம் வாங்கினார். முத்துலட்சுமி சட்ட வரைவின் ஒவ்வொரு வரியையும் வாதாடி நகர்த்தினார். மேரி கிளப்வாலாவின் முடிவு எனக்கு இன்னும் முக்கியமானதாகப் படுகிறது. தன்னார்வத் தொண்டர்களைக் கொண்டு பெரிய வேலைகளைச் செய்து காட்டிய ஒருவர், நல்ல மனம் படைத்தவர்கள் கூடினால் போதும் என்று சொல்லாமல், இந்த வேலைக்குப் பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று முடிவு செய்தார். உங்கள் துறைகள் நிற்பது அந்த முடிவின் மீதுதான்.

சொந்தத் துயரத்திலிருந்து வரும் மாணவர்கள் இன்றும் வருகிறார்கள். குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவர்கள், தாய் அடிபடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள், வீட்டில் ஒரு தற்கொலையைக் கண்டவர்கள். அவர்கள் கொண்டுவரும் அறிவு எந்தப் பாடநூலிலும் கிடையாது. இல்லத்தில் வளர்ந்த மாணவி ஒருவர், புதிதாக வந்த சிறுமி சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்ததைப் பார்த்ததும், “இவளுக்கு முதுகுக்குப் பின்னால் யாரும் வராத இடம் வேண்டும்” என்றார். அந்தச் சிறுமியின் கோப்பில் அப்போது பெயரும் உத்தேச வயதும் தவிர வேறெதுவும் இல்லை. அதே மாணவி, உறவினர்கள் குழந்தைகளைப் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பணிக்கு வர முடியாமல் தவித்தார். தன்னைப் பார்க்க யாரும் வராத ஞாயிறுகள் அவருக்குள் அப்படியே இருந்தன. அவரோடு ஒவ்வொரு வாரமும் உட்கார்ந்து பேசியதால் அந்தத் தவிப்பு வெளியே வந்தது. எந்தப் பொறுப்பை எப்போது ஏற்றுக்கொள்வது என்று அவரே முடிவு செய்யும் நிலைக்கும் வந்தார். பேச ஆள் இல்லாமல் இருந்திருந்தால் அவர் படிப்பை நிறுத்தியிருப்பார், அல்லது எல்லாக் குழந்தைகளையும் தானே காப்பாற்றிவிட வேண்டும் என்று ஓடி உடைந்திருப்பார்.

ஆகவே உங்களிடம் ஒரு குறிப்பான வேண்டுகோள் வைக்கிறேன். இத்தகைய மாணவர்களின் துயரக் கதையை நேர்காணல் மேசைக்கு முன்னால் சொல்ல வைக்காதீர்கள். முன்பின் தெரியாத மூன்று நான்கு பேருக்கு எதிரே தன் வாழ்க்கையின் மிக மோசமான நாளை விவரித்து ஓர் இடம் பெற வேண்டிய நிலையில் எந்த இருபத்தொரு வயதுப் பிள்ளையும் இருக்கக் கூடாது. சேவை பெறுபவரின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டும் என்று முதல் பருவத்திலேயே பாடம் நடத்துகிறோம். மாணவருக்கும் அந்த மரியாதை உண்டு. சேர்த்துக்கொண்ட பிறகு அவர்களுக்கு நல்ல மேற்பார்வையாளரை ஒதுக்கிக் கொடுங்கள்.

கோபத்தால் வருகிறவர்களும் இருக்கிறார்கள். 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட செய்தி காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், அவருடைய கணவர் ஜெகந்நாதன் ஆகிய இருவரையும் கீழத் தஞ்சைக்குக் கொண்டுவந்தது. நிலமில்லாத தலித் பெண்களின் பெயரில் நிலத்தை வாங்கிப் பதிவு செய்யும் அமைப்பாக 1981இல் லாஃப்டி உருவாவதற்கு முன்னால் நீண்ட காலப் போராட்டமும் பொறுமையும் தேவைப்பட்டன. பத்திரப் பதிவு, வங்கிக் கடன், கிராமக் கூட்டம் என்று அந்தக் கோபம் அன்றாட வேலையாக மாறியது. சாதியின் பேரால் அவமானப்பட்ட ஊரிலிருந்து வரும் மாணவரிடம் இதே கோபத்தைப் பார்க்கிறேன். வகுப்பில் அவர் குரல் உயர்ந்தால் “உணர்ச்சிவசப்படுகிறார்” என்று களப்பணிக் குறிப்பேட்டில் எழுதிவிடுவது எளிது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதவும், பட்டா விவரத்தைச் சரிபார்க்கவும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் உரிய நிவாரணத்தைக் கேட்டு வாங்கவும் அவருக்குக் கற்றுக்கொடுத்தால், அந்தக் கோபத்தின் துணையிலேயே அவர் நெடுங்காலம் உழைப்பார்.

பேரிடர்களும் ஆட்களைக் கொண்டுவருகின்றன. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் போன இளைஞர்களில் பலர் அப்படியே இத்துறையில் தங்கிவிட்டார்கள். அவர்கள் வந்தது உணவுப் பொட்டலமும் உடையும் கொடுப்பதற்காக. தங்கியது, லாரிகள் வருவது நின்ற பிறகும் மீதமிருந்த வேலைக்காக. வாரிசுச் சான்று இல்லாமல் நின்ற மனைவிகள், இழப்பீட்டுப் பணத்தின் பொருட்டு உறவினர்களிடையே பங்கிடப்பட்ட பிள்ளைகள், கடற்கரையை விட்டு உள்ளே தள்ளிக் கட்டித்தந்த வீடுகளுக்குப் போக மறுத்த மீனவக் குடும்பங்கள் என்று அந்த வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது.

இத்தனை காரணங்களில் எது சிறந்தது என்று தரவரிசை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எந்தக் காரணத்தோடு வந்தவரும் ஒரு கட்டத்தில் அதைத் தாண்ட வேண்டியிருக்கிறது. அது எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பட்டம் வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் எதையும் சொல்லாத மாணவி அவர். பள்ளிக்கு ஒழுங்காக வராமல், இரவில் ரயில் நிலையத்தில் தனியாக இருந்த ஒன்பது வயதுச் சிறுமியின் குடும்பத்தைப் பற்றிச் சமூக விசாரணை அறிக்கை தயாரிக்க எங்கள் களப் பணியாளர் வடசென்னைக்குப் போனபோது, இவரும் உடன் சென்றார். இளைஞர் நீதிச் சட்டத்தின்படி இந்த அறிக்கையை 15 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். குழந்தையை எங்கே வைப்பது என்ற முடிவைக் குழந்தைகள் நலக் குழு பெரும்பாலும் இதைப் படித்தே எடுக்கிறது. பயிற்சிக்காக மாணவியையும் தனியே ஒரு வரைவு எழுதச் சொன்னோம். “தாய் இல்லை. தந்தை குடிப்பழக்கம் உள்ளவர், பொறுப்பற்றவர். குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது நல்லது” என்று முக்கால் பக்கத்தில் முடித்துவிட்டார். அவர் எழுதியதில் பொய் எதுவும் இல்லை, தந்தை குடிப்பவர்தான்.

வரைவைத் திருப்பிக் கொடுத்து, சில கேள்விகளை மட்டும் எழுதி அனுப்பினேன். தந்தை எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்? வீட்டில் யார் சமைக்கிறார்கள்? பள்ளியில் கையெழுத்துப் போட யார் போகிறார்கள்? குழந்தைக்கு உடம்பு சரியில்லாதபோது யாரிடம் போகிறாள்? குடும்ப அட்டையில் யார் யார் பெயர் இருக்கிறது? மாணவி மறுபடியும் போனார். இம்முறை எழுதிக் கொண்டுவந்தது வேறு மாதிரி இருந்தது. தந்தை அதிகாலை 2 மணிக்குக் காசிமேட்டில் மீன் பெட்டி இறக்கும் வேலைக்குப் போகிறார். முற்பகலில் திரும்பி, குடித்துவிட்டுத் தூங்குகிறார். பள்ளி கூப்பிடும் நேரம் அவர் தூங்கும் நேரம். அவர் வேலைக்குக் கிளம்பிய பிறகு வீட்டில் தனியாக இருக்கப் பயந்து, வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் ரயில் நிலையத்துக்கு அந்தக் குழந்தை போய் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு தெரு தள்ளி இட்லிக் கடை வைத்திருக்கும் தாயின் தாயோடு, ஒரு பழைய நகைச் சண்டையால் குடும்பத்துக்குப் பேச்சுவார்த்தை இல்லை. அந்தப் பாட்டி, பேத்தி முன்பு விட்டுவிட்டுப் போன பள்ளிச் சீருடையை இன்னமும் துவைத்து மடித்து வைத்திருந்தார். அவள் அதைப் போட முடியாதபடி வளர்ந்துவிட்டாள் என்பது அவருக்குத் தெரியவில்லை.

குழந்தையை இல்லம் போன்ற நிறுவனத்தில் வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று இளைஞர் நீதிச் சட்டமே சொல்கிறது. மாணவி கொண்டுவந்த விவரங்களைக் களப் பணியாளர் நேரில் சரிபார்த்துத் தன் அறிக்கையில் சேர்த்தார். குழந்தை பாட்டியிடம் இருக்கட்டும், தந்தை குடிமீட்பு சிகிச்சைக்குப் போகட்டும், தொடர் கண்காணிப்பு இருக்கட்டும் என்று குழு உத்தரவிட்டது. கூட்டம் முடிந்து வெளியே வந்த மாணவி, நான் எதுவும் கேட்காமலேயே, “மேடம், நான் மறுபடி போகாம இருந்திருந்தா அவ ஹோமுக்குப் போயிருப்பா இல்ல?” என்று கேட்டார். தன் வேலை சரியாக இருந்தால் ஒரு குழந்தையின் இரவுகள் மாறும், சரியாக இல்லாவிட்டாலும் மாறும் என்பது அன்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் எழுதிய எந்த அறிக்கையும் முக்கால் பக்கத்தில் முடிந்ததில்லை. இன்று வேறொரு மாவட்டத்தில் இதே துறையில் இருக்கிறார். சேர்க்கை நேர்காணலில் “சேவை மனப்பான்மை இருக்கிறதா?” என்று அவரை அளந்திருந்தால் கடைசி வரிசையில்தான் வந்திருப்பார்.

அந்த இரண்டாவது பயணத்துக்கு அவரை அனுப்ப ஒருவர் இருந்தார் என்பதே இங்கு முக்கியம். எல்லா மாணவர்களுக்கும் அது வாய்ப்பதில்லை என்பது உங்களுக்கும் தெரியும். வாரத்தில் இரண்டு நாள் களப்பணி என்ற பெயரில் நகல் எடுக்கவும், பதிவேடுகளைக் கணினியில் ஏற்றவும், விழாவுக்கு நாற்காலி போடவும் மாணவர்களைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் இருக்கின்றன. துறையிலும் களப்பணி அறிக்கையைப் புரட்டிப் பார்த்துக் கையெழுத்திடுவதோடு தனிக் கலந்துரையாடல் முடிந்துவிடுகிறது. ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள், எத்தனை வகுப்புகள், எத்தனை மதிப்பீட்டுக் குழு வேலைகள் என்பதை நான் அறியாமல் இல்லை. ஆனால் மாணவரின் ஆர்வம் செத்துப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பிறகு அவர் வேறு வேலைக்குப் போகும்போது, ஆரம்பத்திலேயே அர்ப்பணிப்பு இல்லாதவர் என்று சொல்லிவிடுகிறோம்.

சம்பளத்தைப் பற்றியும் எழுதாமல் விட முடியாது. குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் மாவட்ட அலகுகளிலும், எச்.ஐ.வி. ஆலோசனை மையங்களிலும், பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்களிலும் இருக்கும் பணியிடங்களில் மிகப் பல தொகுப்பூதியத்தில், ஒப்பந்த அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. வழக்கறிஞருக்கும் செவிலியருக்கும் பதிவு செய்துகொள்ள ஒரு மன்றம் இருக்கிறது. சமூகப்பணியாளர் அனைவருக்கும் பொதுவான அத்தகைய மன்றத்தை அமைக்கும் சட்டம் இந்தியாவில் இன்னும் வரவில்லை. இந்த நிலையில், “இந்தப் படிப்புக்கு என்ன சம்பளம் கிடைக்கும்?” என்று நேர்காணலில் கேட்கும் மாணவர் நியாயமான கேள்வியையே கேட்கிறார். அவரே வீட்டின் முதல் பட்டதாரியாக இருக்கலாம்; கல்விக் கடன் அவர் பெயரில் இருக்கலாம். “சேவைக்கு வந்துவிட்டுச் சம்பளம் கேட்கலாமா?” என்று அவரை அடக்கும் குரல், நாளை அவரை வேலைக்கு எடுக்கும் நிறுவனத்தின் குரலாகவும் ஒலிக்கும். அதற்குப் பதில் சொல்லும் துணிவை உங்கள் வகுப்பறையிலேயே அவர் பெற்றாக வேண்டும். குறைந்த சம்பளத்தால் இத்துறையை விட்டுப் போகிறவர்கள் மனமில்லாதவர்கள் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. அவர்களில் சிலர் நான் கண்ட மிகச் சிறந்த பணியாளர்கள்.

அப்படியானால் நேர்காணலில் எதைக் கேட்பது என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் தெருவில் உதவி தேவைப்பட்டும் யாரிடமும் கேட்காமல் இருக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள், அவர் ஏன் கேட்பதில்லை என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பேச்சுத்திறன் இல்லாத மாணவரும் இதற்கு விடை வைத்திருப்பார். மனப்பாடம் செய்த மாணவருக்கு இது உதவாது. நீங்கள் செய்ய முன்வந்த உதவியை ஒருவர் வேண்டாம் என்று மறுத்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்கலாம், ஏனெனில் மற்றவரின் முடிவை மதிக்கும் பழக்கம் இந்த வேலையில் இரக்கத்தைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது. “ஏன் சமூகப்பணி?” என்ற கேள்வியை விட்டுவிட வேண்டியதில்லை; மூன்றாம் பருவத்தின் தொடக்கத்தில், மதிப்பெண் இல்லாமல், ஆசிரியரும் மாணவரும் மட்டும் இருக்கும் அறையில் அதைக் கேளுங்கள். அப்போது வரும் விடையைக் கேட்டபின் அந்த மாணவரை எந்தக் களத்துக்கு அனுப்பலாம், எந்த மேற்பார்வையாளரிடம் விடலாம் என்று உங்களால் முடிவு செய்ய முடியும்.

எங்கள் அலுவலகத்தில் இந்த ஆண்டு களப்பணி மாணவர்களுடனான தனிக் கலந்துரையாடலுக்கு வியாழக்கிழமை பிற்பகலை ஒதுக்கியிருக்கிறோம். அந்த நேரத்தில் வேறு கூட்டம் எதுவும் வைப்பதில்லை என்று பணியாளர்கள் அனைவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மாணவரை அனுப்பும் துறையிலிருந்து ஆசிரியர் ஒருவர் மாதம் ஒருமுறையாவது அதில் வந்து அமர வேண்டும் என்று கேட்டு, ஒவ்வொரு துறைத் தலைவருக்கும் தனியே கடிதம் அனுப்புகிறேன். வர முடியாத நிலை இருந்தால், எந்த நாள் ஒத்துவரும் என்று குறிப்பிட்டுப் பதில் எழுதுங்கள். நாங்கள் நாளை மாற்றிக்கொள்கிறோம்.

அன்புடன்,
களப்பணி மேற்பார்வையாளர் ஒருவர்,
சென்னை